நிலாவெளிக் காணியில் ஆறு அறை: உலகத்தின் பெயர்போன ஹோட்டல்களிடம் எதை எடுப்பது?

நிலாவெளி_வடலி:
வணக்கம் எல்லோருக்கும். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் அம்மாவின் சீதனக் காணி ஒன்று, வீதியிலிருந்து கடற்கரை வரைக்கும் ஒடுங்கி நீண்டு கிடக்கிறது. சுனாமிக்கு முன்பு பழைய வீடு இருந்தது, இப்போது தென்னையும் பனை வடலியும் மட்டும்தான். பாரிஸில் இருக்கும் அண்ணா பணம் போடுகிறார், ஆறு அறையோடு சின்ன ஹோட்டல் ஒன்றைக் கட்டி நடத்துவது என் பொறுப்பு. இதில் சண்டை இல்லை.

சண்டை வட்ஸ்அப்பில்தான் தொடங்கியது. சிங்கப்பூரில் மொட்டை மாடி நீச்சல் குளம், டுபாயில் பாய்மரம் போன்ற கட்டிடம், சுவீடனில் பனிக்கட்டியால் செய்த கட்டில் என்று தினமும் படம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் கீழே "இப்படி ஏதாவது செய்" என்று ஒரு வரி. கடைசியில் "பாலி ஸ்டைலில் கட்டுவோம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். உப்புவெளியிலிருந்து குச்சவெளி வரை மூங்கில் விளக்கும் கூழாங்கல் பாதையும் வைத்த விடுதி ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

அந்தப் பெரிய ஹோட்டல்களை உண்மையில் தனித்துவமாக்குவது என்ன? பணத்தைத் தவிர நாங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது ஏதாவது உண்டா? படம் போடாமல் விஷயம் சொல்லுங்கள். படம் எனக்கு நிறைய வருகிறது.

கோட்டுப்படம்:
வடலி, அண்ணாவிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள். அவர் கேட்கும் பாலி ஸ்டைலில் ஒரு பங்கு நம் நாட்டுச் சரக்கு. 1970களின் தொடக்கத்தில் இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா பாலித் தீவின் சனூர் கடற்கரையில், பத்துஜிம்பார் என்ற இடத்தில், டொனால்ட் ஃப்ரெண்ட் என்ற அவுஸ்திரேலிய ஓவியருக்காக வீடுகள் வரைந்தார். திறந்த மண்டபம், அகலக் கூரை, மரங்களுக்கு நடுவே தனித்தனிக் கட்டிடம் என்று இன்று உலகமெங்கும் விற்கும் அந்த அமைப்புக்கு அதுவும் ஒரு வேர். நிலாவெளிக்கு அதைப் பாரிஸ் வழியாக இறக்குமதி செய்ய வேண்டுமா?

அடுத்தது, காசு செலவழித்துக் கற்க விரும்பினால் விமானம் ஏற வேண்டாம். கந்தளாய், ஹபரணை தாண்டித் தம்புள்ளைக்குப் போய் கண்டலம ஹோட்டலில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். 1994இல் திறந்தது, 152 அறை, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர். முதலில் பாவாவுக்குக் காட்டப்பட்ட இடம் சிகிரியாவின் அடிவாரம். அங்கே கட்டக் கூடாது என்று அவர் மறுத்து, தெற்கே கண்டலமக் குளத்துக்கு மேலுள்ள பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். இப்போது குளத்துக்கு அப்பால் சிகிரியா தூரத்தில் தெரிகிறது, அந்தத் தூரம்தான் அழகு. கட்டிடத்தைத் தூண்கள் மேல் தூக்கி வைத்திருக்கிறார், பாறையிலிருந்து வழியும் மழைத்தண்ணீர் கீழால் ஓடிப்போகும். தூண், கைப்பிடி எல்லாம் கறுப்பு மை. கொடி படர்ந்து முகப்பையே மூடிவிட்டது, எதிர்க்கரையில் நின்று பார்த்தால் ஹோட்டலைத் தேட வேண்டும். குளம் கெட்டுப்போகும் என்று கட்டும்போது பெரிய எதிர்ப்பு எழுந்ததையும் சொல்ல வேண்டும், எல்லோரும் கைதட்டி வரவேற்ற கட்டிடம் இல்லை அது.

முகப்புப் படம் எடுக்கவே முடியாத ஹோட்டல் உலகப் புகழ் பெற்றது எப்படி என்று அண்ணாவைக் கேட்டுப் பாருங்கள்.

பாலைவனத்_தம்பி:
டுபாய்ப் படத்துக்கு நான் பதில் சொல்கிறேன். இங்கே ஹோட்டல் பராமரிப்பில்தான் வேலை, ஆனால் அந்தப் பாய்மர ஹோட்டலில் இல்லை. புர்ஜ் அல் அராப் 1999இல் திறந்தது, டொம் ரைட் வரைந்தது, 321 மீற்றர் உயரம், கரையிலிருந்து 280 மீற்றர் தள்ளிக் கடலை நிரப்பிச் செய்த தீவில் நிற்கிறது. அந்த வெள்ளைப் பாய் கண்ணாடியிழைத் துணி, மேலே டெஃப்ளோன் பூச்சு. உள்ளே தங்கத் தகடு ஒட்டியிருக்கிறார்கள். ஏழு நட்சத்திரம் என்று ஊரெல்லாம் சொன்னாலும் அதிகாரபூர்வமாக ஐந்துக்கு மேல் தரம் கிடையாது.

எங்களைப் போன்றவர்கள் பார்ப்பது வேறு. கடலோரத்தில் எதைப் பளபளப்பாகக் கட்டினாலும் அதைத் துடைக்க ஆள் வேண்டும், தினமும். அங்கே ஆள்படை இருக்கிறது. ஆறு அறைக்கு உங்களிடம் எத்தனை பேர்? உப்புக்காற்று ஆளைப் பார்த்து அடிப்பதில்லை. சாதாரண 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடற்கரையில் கறள் புள்ளி போடும், கைப்பிடி, திருகாணி, குளியலறைச் சாமான் எல்லாம் 316 தரமாக வாங்குங்கள், விலை கூடினாலும். ஏசியின் வெளிப்பெட்டியைக் கடல் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள். அந்தப் படங்களில் இவை ஒன்றும் தெரியாது.

ஐந்தாம்_கட்டை:
நான் படிப்பு, டிசைன் ஒன்றும் தெரியாதவன். ஆனால் ஜூன் மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது ஏசி இல்லாமல், நீச்சல் குளம் இல்லாமல், கொடி படர்ந்த வீட்டுக்கு யார் வருவான்? இன்டர்நெட்டில் ரூம் தேடுகிறவன் முதலில் தட்டுவது "குளம் உண்டா" என்ற பெட்டியைத்தான். அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாவம், பணம் போடுகிறவரும் அவர்தான்.

பாலைவனத்_தம்பி:
குளம் வேண்டாம் என்று யார் சொன்னது? எந்தக் குளம் என்பதுதான் கேள்வி. சிங்கப்பூர் மெரினா பே சாண்ட்ஸ் குளம் சுமார் 150 மீற்றர் நீளம், மூன்று 55 மாடிக் கோபுரங்களின் தலையில் மோஷே சஃப்டி 2010இல் போட்ட 340 மீற்றர் தளத்தில் இருக்கிறது. அந்த விளிம்பில்லாக் குளத்தில் தண்ணீர் சும்மா நிற்பதில்லை. விளிம்பால் வழிந்து கீழே ஒரு தொட்டியில் விழும், அங்கிருந்து பம்ப் மறுபடி மேலே தள்ளும். காற்று அடிக்க அடிக்க ஆவியாகும் தண்ணீரும் கூடும். நிலாவெளியில் அந்தத் தண்ணீரை எங்கிருந்து எடுப்பீர்கள்? மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லியதாக மிதந்துகொண்டிருக்கிறது. மோட்டரால் அளவுக்கு மீறி இழுத்தால் உப்பு மேலே வரும், உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணறும் போகும். ஏற்கெனவே கடல் முன்னால் கிடக்கிறது, அதுவும் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை குளம் போல.

மீன்வாடி:
கிணற்றைப் பற்றியாவது ஒருவர் கதைத்தீர்கள், நல்லது. நான் குச்சவெளிப் பக்கம், கரைவலைக் குடும்பம். உங்களுக்கு சீசன் எப்போது? கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள். எங்களுக்குக் கரைவலை எப்போது? அதே மாதங்கள். அதே கடற்கரை. இதை யாரும் டிசைனில் போடுவதில்லை.

எங்கள் பக்கம் ஒரு விடுதி வந்தது. பெயர் வேண்டாம். பாட்டன் காலத்திலிருந்து வலை தூக்கிப் போன ஒழுங்கையை மதில் கட்டி அடைத்தார்கள். கேட்டால் "விருந்தினரின் அமைதி" என்றார்கள். இப்போது சுற்றிப் போக வேண்டும். அதே விடுதியின் விளம்பரப் படத்தில் வலை இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் முதுகு மட்டும் அவர்களுக்கு அலங்காரம்.

தம்பி வடலி, உங்கள் காணி வீதியிலிருந்து கடல் வரை என்றீர்கள். அதற்குள்ளால் யாராவது நடக்கிறார்களா? அதற்குப் பதில் சொல்லுங்கள். பாவா, டுபாய் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

நிலாவெளி_வடலி:
நடக்கிறார்கள் அண்ணா. வடக்குப் பக்க எல்லையோடு ஒரு ஒற்றையடிப் பாதை. சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன், யாரும் கேட்டு நடப்பதில்லை, நாங்களும் மறிப்பதில்லை. அண்ணா அனுப்பிய முதல் வரைபடத்தில் அந்த இடத்தில்தான் மதிலும் ஜெனரேட்டர் அறையும் இருக்கிறது.

ஸ்காபரோ_திருமலை:
நான் திருமலை ஓர்ஸ் ஹில்லில் வளர்ந்தவள், இப்போது கனடா. மீன்வாடி அண்ணா சொன்னதை வாசித்ததும் ஃபோகோ தீவு ஞாபகம் வந்தது. நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டாயிரத்துச் சொச்சம் சனம் வாழும் மீன்பிடித் தீவு. 1992இல் கொட் மீன் பிடிப்பதை அரசாங்கம் தடை செய்தது, நூற்றாண்டுக் கணக்காக அந்த மீனை நம்பியிருந்த ஊர்கள் ஒரே நாளில் வேலை இழந்தன. பெரிய கப்பல்கள் அளவுக்கு மீறி அள்ளியதன் விளைவை சின்னத் தோணிக்காரர் சுமந்தார்கள். இது நமக்கு விளங்காத கதை இல்லை.

அந்தத் தீவில் பிறந்த சீட்டா கொப் என்ற பெண் ஒளியிழைத் தொழிலில் பெரும்பணம் சம்பாதித்துவிட்டுத் திரும்பி வந்தார். சகோதரர்களோடு சேர்ந்து ஷோர்ஃபாஸ்ட் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். 2013இல் ஃபோகோ ஐலண்ட் இன் திறந்தது. வரைந்தவர் டொட் சோண்டர்ஸ், அவரும் நியூஃபவுண்ட்லாந்துக்காரர். 29 அறைதான், எல்லாம் கடலைப் பார்த்தவை. கரையில் மீன்காரர்கள் கால் நட்டுக் கட்டும் மரக் கொட்டில்களைப் போலவே அந்த ஹோட்டலும் பாறை மேல் கால்களில் நிற்கிறது. கட்டில் விரிப்பு ஊர்ப் பெண்கள் தைத்தது, கதிரை மேசை ஊர்த் தச்சர்கள் செய்தது. வருகிறவர்களுக்கு ஊரைக் காட்டுவது ஊர்க்காரரே.

முக்கியமானது இதுதான்: ஹோட்டல் தனியாருக்குச் சொந்தமில்லை. மிஞ்சும் பணம் அறக்கட்டளை வழியாகத் தீவுக்கே திரும்புகிறது. உணவுப் பக்கற்றில் சீனி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று போடுவது போல, நீங்கள் கொடுக்கும் பணத்தில் எத்தனை வீதம் சம்பளத்துக்கு, எத்தனை வீதம் தீவுக்குள்ளேயே நிற்கிறது என்று பட்டியல் காட்டுகிறார்கள்.

மீன்வாடி:
நல்லது அக்கா. ஒரு இரவுக்கு என்ன விலை?

ஸ்காபரோ_திருமலை:
இரண்டாயிரம் கனேடிய டொலருக்கு மேல், சாப்பாட்டோடு. நானும் போனதில்லை, எங்கே போவது!

மீன்வாடி:
அதுதானே. மீன்காரன் கொட்டிலைப் போல வீடு, மீன்காரன் ஒரு நாள்கூடத் தங்க முடியாது. ஆனால் சம்பளப் பட்டியலைச் சுவரில் ஒட்டுகிறார்கள் என்றால் தொப்பியைக் கழற்றுகிறேன். நம் கரையில் அதை ஒட்டச் சொன்னால் பாதிப் பேர் கடலுக்குள் ஓடுவார்கள்.

கோட்டுப்படம்:
ஊருக்குச் சொந்தம் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. சுவிட்சர்லாந்து மலையில் வால்ஸ் என்று ஒரு கிராமம், ஆயிரம் பேர் அளவில். 1960களில் கட்டிய ஹோட்டல் நொடித்துப்போக, 1983இல் கிராமமே அதை வாங்கியது. பிறகு பீட்டர் சும்தோரைக் கூப்பிட்டு வெந்நீர்க் குளியல் கூடம் கட்டச் சொன்னார்கள். 1996இல் திறந்தது, அந்த மலையில் வெட்டிய கல்லையே மெல்லிய பலகைகளாக அடுக்கிய கட்டிடம். இரண்டே ஆண்டில் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டிடமாக அறிவித்தார்கள். உலகத்துக் கட்டடக்கலை மாணவர்கள் எல்லாம் அங்கே யாத்திரை போகிறார்கள். 2012இல் ஊர்க் கூட்டத்தில் வாக்கெடுத்து ஒரு முதலீட்டாளருக்கு விற்றுவிட்டார்கள். சும்தோரும் வேறு சிலரும் சேர்ந்து அதை வாங்கக் கொடுத்த விலைமனு தோற்றுப்போனது. ஊரே கட்டியது, ஊரே விற்றது. குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பராமரிப்புச் செலவு என்ன என்று பாலைவனத்_தம்பிக்குத் தெரியும்.

ஐந்தாம்_கட்டை:
வெந்நீர் என்றதும் ஒரு யோசனை. நமக்குக் கன்னியா இருக்கிறதே, ஏழு கிணறு. ஜப்பானில் ஒரு வெந்நீர் விடுதி கி.பி. 705இலிருந்து நடக்கிறது, உலகத்தின் மிகப் பழைய ஹோட்டல் என்று கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது, பெயர் கெய்யுன்கான். கன்னியாப் பக்கம் அப்படி ஒன்று போட்டால்?

டச்பே_வாத்தியார்:
வேண்டாம் தம்பி. கன்னியா நம் சனம் பெற்றவர்களுக்குக் கடன் கழிக்கப் போகும் இடம், அதைச் சுற்றி ஏற்கெனவே போதுமான இழுபறி இருக்கிறது. அங்கே துவாய் கட்டிய வெள்ளைக்காரனைக் கொண்டுபோய் இருத்தாதீர்கள். எங்கே கட்டக் கூடாது என்று முடிவெடுப்பதும் டிசைன்தான். சிகிரியா அடிவாரத்தை மறுத்தவரைப் பற்றி மேலே எழுதியிருக்கிறதே.

நான் வேறொன்று சொல்ல வந்தேன். ஏன் எல்லோரும் கடற்கரையில் புதிதாகவே கட்டுகிறீர்கள்? இத்தாலியில் 1976இல் ஃப்ரியூலிப் பகுதியில் நிலநடுக்கம் வந்த பிறகு, வெறுமையாகிப்போன ஊர்களைத் தூக்கி நிறுத்த ஒரு யோசனை பிறந்தது. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளையே ஒவ்வொரு அறையாக எடுத்து, சிதறிக் கிடக்கும் ஒரே ஹோட்டலாக நடத்துவது. ஒரு வீட்டில் வரவேற்பு, இன்னொன்றில் சாப்பாடு, நாலு தெருவில் நாலு அறை. அப்ருட்சோ மலையில் சான்டோ ஸ்டெஃபனோ என்ற ஊரில் டானியேலே கில்கிரென் என்பவர் அப்படிச் செய்த ஹோட்டலில் பழைய புகைக்கரி படிந்த சுவரைக்கூட வெள்ளையடிக்காமல் விட்டிருக்கிறார்களாம். பணக்காரர்கள் கரிச்சுவரைப் பார்த்தபடி தூங்கக் காசு கொடுக்கிறார்கள்.

திருமலைப் பட்டணத்துக்குள் நாற்சார் வீடுகள், ஓட்டு வீடுகள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன! பிள்ளைகள் வெளிநாட்டில், வீடு கறையானுக்கு. கோட்டை மான் காலையில் வாசலுக்கு வரும் ஊர் வேறு எங்கே இருக்கிறது? காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள், ஆத்தங்குடித் தரை, பர்மாத் தேக்குத் தூண் எல்லாம் அப்படியே. அங்கேயும் வீட்டைக் காப்பாற்றியது அந்த வருமானம்தான்.

இன்னொன்று. பாவா, பாவா என்கிறீர்கள். அவரோடு பங்காளியாக நின்ற எஞ்சினியர் பூலோகசுந்தரத்தையும் ஒரு வரி சொல்லுங்கள். அந்தக் கூரைகளும் தூண்களும் விழாமல் நிற்பதற்குக் கணக்குப் போட்டவர் நம்மவர். பாவா மதுரையில் மதுரை கிளப்பும், சென்னையில் கொன்னெமாரா ஹோட்டலின் புதுப்பிப்பும் செய்திருக்கிறார்.

கோட்டுப்படம்:
ஐயா சொன்னது சரி. இன்னும் ஒன்றைச் சேர்க்கிறேன். 1969இல் பெந்தோட்டை பீச் ஹோட்டல் கட்டியபோது நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, இறக்குமதி சிக்கல். அதனால் கருங்கல், மரம், கைத்தறி, மேலே ஈனா டி சில்வாவின் பத்திக் துணியால் உட்கூரை. தட்டுப்பாடுதான் அந்த அழகைக் கட்டாயப்படுத்தியது. 2022இல் டைல்ஸ் கிடைக்கவில்லை என்று நாங்கள் எல்லோரும் அழுதோம், வேறு ஏதாவது யோசித்தோமா? எனக்கு அந்தக் கோபம் இன்னும் உண்டு.

நாகரிகத்தின் பின்னால் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை. கொப்பன்ஹேகனில் 1960இல் ஆர்னே யாக்கோப்சன் ஒரு ஹோட்டலுக்கு முட்டைக் கதிரையிலிருந்து கரண்டி வரைக்கும் தானே வரைந்தார். நாகரிகம் மாறியது, ஒவ்வொரு அறையாக மாற்றினார்கள். 606ஆம் அறை ஒன்றை மட்டும் பழையபடி விட்டார்கள். இன்று ஆட்கள் கேட்டு வருவது அந்த ஓர் அறையைத்தான்.

நிலாவெளி_வடலி:
நன்றி, தலை சுற்றுகிறது ஆனால் நல்ல சுற்று. ஐயா, பட்டணத்து வீடு நல்ல யோசனை, ஆனால் எங்களிடம் இருப்பது காணிதான். இரண்டு கேள்வி. கூரைக்குத் தென்னோலைக் கிடுகு போட ஆசை, அண்ணா "ஒவ்வொரு வருஷமும் மாற்ற வேண்டும், நஷ்டம்" என்கிறார். அடுத்தது, கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடி போடச் சொல்கிறார்.

ஸ்காபரோ_திருமலை:
கிடுகுக்கு நான் வாதாடுகிறேன். அண்ணா அனுப்பிய பனிக்கட்டிக் கட்டில், சுவீடனில் யுக்காஸ்யார்வி என்ற ஊரில். 1989 காலத்திலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் தோர்ன ஆற்றின் பனிக்கட்டியை அறுத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள், வசந்தத்தில் உருகி ஆற்றுக்கே போய்விடும். உள்ளே பூச்சியத்துக்குக் கீழே ஐந்து பாகை. ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு கலைஞர்கள் வந்து அறைகளைச் செதுக்குவதால், போன வருஷம் பார்த்தவனும் திரும்ப வருகிறான். 2016இலிருந்து வருஷம் முழுக்க நிற்கும் பகுதி ஒன்றும் சேர்த்திருக்கிறார்கள். "வருஷா வருஷம் மாற்ற வேண்டும்" என்பதையே அவர்கள் விற்கிறார்கள். நீங்கள் சீசன் தொடங்குமுன் சித்திரையில் ஊரில் கிடுகு பின்னுகிறவர்களைக் கூப்பிட்டு மேயுங்கள், அந்தக் காசு ஊருக்குள் நிற்கும்.

கோட்டுப்படம்:
கிடுகைச் சாப்பாட்டுக் கொட்டிலுக்கு வையுங்கள். அறைகளுக்கு ஓடு. 1964 மார்கழிச் சூறாவளியை மறக்க வேண்டாம், ஓட்டுக் கூரையாக இருந்தாலும் மரச்சட்டத்தைச் சுவரோடு இரும்பு பட்டியால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

கண்ணாடி விஷயத்தில் அண்ணா சூரியனை மறந்துவிட்டார். நமக்குக் கடல் கிழக்கே. காலை ஆறரைக்கே வெயில் நேராகக் கட்டிலில் விழும், விருந்தாளி விழித்ததும் திரையை இழுத்து மூடுவான். பிறகு கண்ணாடி எதற்கு? கிழக்கே எட்டடி விறாந்தை விடுங்கள், கூரையைத் தாழ இறக்குங்கள். படுத்துக்கொண்டே கடல் தெரியும், வெயில் உள்ளே வராது. மேற்கே கச்சான் காற்றுக்குத் தடித்த சுவர், மேலே சின்ன யன்னல், வெளியே மரம். ஐந்தாம்_கட்டைக்காக ஏசியும் வைப்போம், ஆனால் பகல் பதினொரு மணிக்கு அதை நிறுத்திவிட்டு விறாந்தையில் இருக்க மனம் வர வேண்டும். இருக்கும் தென்னை, வடலி ஒவ்வொன்றையும் அளந்து படத்தில் குறியுங்கள். குச்சவெளியில் ஜங்கிள் பீச் ஹோட்டல் காட்டுக்குள்ளேயே தனித்தனிக் குடில்களை ஒளித்து வைத்திருக்கிறது, போய்ப் பாருங்கள், மரத்தை விட்டுக் கட்டினால் நிழல் இலவசம்.

ஐந்தாம்_கட்டை:
பதினொரு மணிக்கு நிறுத்துவது நடக்காது. ஆனால் விறாந்தை சரி. குளம்?

பாலைவனத்_தம்பி:
வழிகிற குளம் வேண்டாம். பின்பக்கம், கடலிலிருந்து தள்ளி, தென்னை நிழலில் சின்னதாக ஒன்று. மேலே மூடி போட்டால் ஆவியாவதும் குறையும். அந்தப் பெட்டியைத் தட்டுகிறவனுக்கு அது போதும்.

நிலாவெளி_வடலி:
அண்ணாவோடு நேற்று இரவு கதைத்தேன். கண்ணாடியை விட்டுவிட்டார், பாலியையும் கிட்டத்தட்ட விட்டுவிட்டார், பத்துஜிம்பார் கதை நன்றாக வேலை செய்தது. சம்பளப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. பாதை விஷயத்தில் "சட்டப்படி விட வேண்டுமா" என்று கேட்டார். சட்டப்படி எப்படியோ, விடுகிறோம் என்று சொல்லிவிட்டேன். ஜெனரேட்டர் அறை வீதிப் பக்கம் போகிறது. கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் பிரதேச சபைக்கும் கொடுக்கும் படத்திலேயே பாதையைக் கீறிக் காட்டப் போகிறோம். மீன்வாடி அண்ணா, எத்தனை அடி வேண்டும்?

மீன்வாடி:
ஆள் நடக்க நாலடி போதும். ஆனால் இப்போது வலையும் மீனும் லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரத்தில்தான் போகிறது. பத்தடி விடுங்கள், கடல் முனையில் திரும்ப இன்னும் கொஞ்சம். விடியப்புறம் நாலு மணிக்குச் சத்தம் வரும், முதல் அறையை அந்த எல்லையிலிருந்து தள்ளிப் போடுங்கள், பிறகு வந்து முறையிட வேண்டாம். மீன் வேண்டுமென்றால் கரையிலேயே வாங்குங்கள், கொழும்பு லொறிக்கு ஏற்றிய பிறகு விலை வேறு.

கோட்டுப்படம்:
பத்தடி என்றால் ஆறு அறை ஒரே வரிசையில் நிற்காது. இரண்டை வீதிப் பக்கம் பின்னால் தள்ளி, நடுவில் முற்றம் விட வேண்டும். வடலி, காணி உறுதியில் உள்ள நில அளவைப் படத்தையும், தென்னை எங்கெங்கே நிற்கிறது என்று கையால் கீறினதையும் அனுப்புங்கள். முற்றத்துக்கு நடுவில் எந்த மரம் வருகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.